வர்ணனைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

ஏப்ரல் 18, செவ்வாய்

ஷகிலா மேடம் சொன்னதால் எழுதுகிறேன். திருநெல்வேலியில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் அவர். "சார் தினமும் என்ன வார்த்தை சொல்றாங்க, எதுக்கு எதைச் சொல்றாங்கன்னு ஒரு டைரில குறிச்சுட்டு வாங்கம்மா. ஒரு மாசம் கழிச்சுப் புரட்டிப் பார்த்தா உங்களுக்கே வித்தியாசம் தெரியும். எனக்கும் கொண்டு வந்து காட்டுங்க" என்றார். மில்லில் வருடாவருடம் கொடுக்கும் டைரி பிரிக்காமல் கிடந்தது. தை மாதம் இவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு அதை யார் எடுத்தார்கள்?

இன்று சொன்னவை: தண்ணி (தண்ணீருக்குத்தான், சரி). வண்டி (தோசைக்கு). வண்டி (செருப்புக்கு). வண்டி (ஃபேனைப் போடச் சொல்லி).

மேடம் ஒரு பென் டிரைவ் தந்திருக்கிறார். படம் படமாக வரும். பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். போனில் போட்டால் அவருக்குக் கண் கூசுகிறது. வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, நாளைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, புதன்

கம்ப்யூட்டரைப் போட்டேன். நான் சோற்றை வடித்துவிட்டு வந்த பிறகும் 'வெல்கம்' என்றே நின்றது. பிறகு மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். முதல் படம் வருவதற்குள் பொட்டென்று அணைந்துவிட்டது. திரும்பப் போட்டேன், திரும்ப அணைந்தது. பெட்டியின் மேல் கை வைத்தால் தோசைக்கல்.

அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். இந்த வீட்டில் ஒரு பியூஸ் போனாலும் நான் கை வைத்ததில்லை.

புனேயில் இருக்கிற மகள் சுபாஷினிக்குப் போன் போட்டேன்.

"யம்மா, நான் எட்டாங்கிளாஸ் படிக்கும்போது வாங்குனது அது. பழைய இரும்புக்காரன்ட்ட தூக்கிப் போடு. நான் ஒரு லேப்டாப் அனுப்புதேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

"ஏன்?"

"அப்பா பழகுன பொருள்தான் நல்லதுன்னு மேடம் சொன்னாவ."

மேடம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 20, வியாழன்

காலையில் அவர் இடது கையால் கம்ப்யூட்டர் பெட்டியின் துணி உறையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அழுக்காக இருக்கிறது என்கிறார் போல என்று நினைத்து, கழற்றித் துவைத்துக் காயப்போட்டு, சாயங்காலம் திரும்பப் போட்டுவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகுதான் புரிந்தது. பின்னால் காற்று வெளியே வருகிற வலை முழுவதையும் என் உறை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் நன்றாக இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் ஓடும்போது உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார். நான் அதைக் கவனித்ததே இல்லை.

அந்த உறையை நான்தான் தைத்தேன். நீலத் துணி, ஓரமெல்லாம் சுருக்கு வைத்து. திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. கம்ப்யூட்டர் வந்த வருடம் ஆயுத பூஜைக்குத் திரையின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். சுபா வீடும் மலையும் சூரியனும் வரைந்து, ஆகாயத்துக்குப் பச்சை அடித்துவிட்டு அழுதாள். அவர் சொன்னார், "இருக்கட்டும், மழைக்காலத்து ஆகாசம்." அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டில் பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும்.

உறை இல்லாமல் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடியது. பிறகு அணைந்தது.

இன்று: உப்பு (சரி). மழை (ஃபேனுக்கு). வண்டி (உறைக்கு).

ஏப்ரல் 23, ஞாயிறு

பெட்டியைத் திறந்தோம். திறந்தது நான். திறக்க வைத்தது அவர்.

பெட்டியைத் தரையில் படுக்க வைத்தேன். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையை நீட்டி, "கரண்டி" என்றார்.

கரண்டி எடுத்து வந்தேன்.

"இல்ல. கரண்டி." விரலைத் திருகிக் காட்டினார்.

"ஸ்குரூ டிரைவரா?"

"ம்."

உள்ளே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தலையணையைக் கிழித்துக் கொட்டினாற்போலத் தூசி. ஓரமாக இரண்டு பல்லி முட்டை ஓடு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். சின்ன ஃபேன் ஒன்று அலுமினியத் தகட்டுக் கட்டி மேல் உட்கார்ந்திருந்தது. அதைத் துடைக்கும்போது அது சுற்றிக்கொண்டே போனது. அவர் என் விரலைப் பிடித்து அதன் இதழைச் சுற்றாமல் அமுக்கிப் பிடிக்கச் செய்தார்.

"இப்படிப் பிடிச்சுக்கிட்டே துடைக்கணுமா?"

"ஆமா… பிள்ளை." பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி என்றாரா, சுபாவை நினைத்தாரா தெரியவில்லை.

மூடிவிட்டுப் பார்த்தால் மதியம் தாண்டிவிட்டது. இருவரும் சாப்பிடவில்லை. இவ்வளவு நேரம் நாங்கள் இருவர் மட்டும் ஒரு வேலையில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன். குற்றாலத்தில் ஒரு முறை மழையில் மாட்டிக்கொண்டு கடை ஓரம் நின்றோம். அதுவும் அவர் மழையைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

மிக்ஸிச் சத்தம் குறைந்திருக்கிறது. சூடு அப்படியே.

ஏப்ரல் 30, ஞாயிறு

சுபா வீடியோ காலில் வந்தாள். போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஆரம்பிக்கும்போதே தானாக ஓட ஆரம்பிக்கும் என்னென்னவோ இருந்தது. அவள் விளையாடிய கார் ரேஸ், வேலைக்கு விண்ணப்பித்தபோது இறக்கியது, ஜாதகம் பார்க்கிறது ஒன்று. ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். நடுவில் இரண்டு முறை அணைந்தது. ஒவ்வொரு முறையும் ஆறவிட்டுப் போட்டோம்.

"சி டிரைவ் பாரு, செவப்பா இருக்கா?"

"ஆமா."

"நெஞ்சு வரைக்கும் ரொம்பிக் கிடக்கு, அதான் நகர மாட்டேங்கு. டெஸ்க்டாப்ல பெரிய ஃபோல்டர் எதும் இருக்கா?"

'ஆட்டம்' என்று ஒரு ஃபோல்டர். அவள் சொன்னபடி அதன் அளவைப் பார்த்துச் சொன்னேன்.

"எம்மாடி. அப்பாவோட கபடி ரிக்கார்டிங்குல்லா? அத அழிச்சாலே பாதி சரியாயிரும்மா. இனிமே அப்பாவுக்கு அது…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவர் பின்னால்தான் இருந்தார்.

"பாக்கேன்" என்று போனை வைத்துவிட்டேன். அழிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து கிடக்கிறது, அதில் சுபாவின் சான்றிதழ் எதாவது இருந்தாலும் இருக்கும்.

மே 2, செவ்வாய்

பால்துரை அண்ணாச்சி அவரைப் பார்க்க வந்தார். வேட்டைக்காரன் கபடிக் குழு நடத்துகிறவர். பைக் சத்தம் கேட்டதுமே இவர் எழுந்து காலை இழுத்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தையிலிருந்து யார் வந்தாலும் இப்படித்தான்.

"தூங்குதாவ அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி கதவைப் பார்த்தார். "பரவால்ல தாயி. போன வாரம் ஆட்டத்துக்கு வேற ஆளப் போட்டோம். மைக்கப் பிடிச்சுக்கிட்டு ஸ்கோரு மட்டும் வாசிக்கான். கூட்டம் எழுந்திரிச்சுப் போயிட்டு" என்றார். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மேடம் இதைப் படிக்கப் போகிறவர் என்பதால் எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் வேல்மயில் கபடி வர்ணனைக்காரர். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவானாலும் ஆட்டத்துக்கு மைக்கில் இவர்தான். மூச்சு விடாமல் பேசுவாராம். தெற்கே இருந்து காற்று அடித்தால் எங்கள் மொட்டை மாடிக்கு அவர் குரல் வரும். சொல் விளங்காது, இரைச்சலாக வரும். நான் வற்றல் எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவேன். வீட்டில் அவர் பேச மாட்டார். சோறு போடு, விளக்கை அணை, சுபா எங்கே. மில் முடிந்து வந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்தக் கம்ப்யூட்டரில் தன் ஆட்டத்தைத் தானே கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அவர் முதுகுதான் தெரியும்.

இன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மே 4, வியாழன்

கத்திரி ஆரம்பம். 'ஆட்டம்' ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றப் பார்த்தேன். அங்கே இடம் இருக்கிறது. பச்சைக் கோடு பாதி ஓடியபோது கம்ப்யூட்டர் அணைந்தது.

மே 5, வெள்ளி

போடவில்லை. பாதியில் நின்றது எல்லாம் போய்விட்டதா, இருக்கிறதா என்று சுபாவிடம் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்று கேட்பாள்.

இன்று: தண்ணி. உப்பு. மோர் (சரி). வேண்டாம் (பயிற்சிக்கு).

வெயிலில் தலை சுற்றியது. கொஞ்சம் படுத்திருந்தேன்.

மே 6, சனி

போடவில்லை.

"கம்ப்யூட்டர்ல படம் பாப்பமா" என்று அவரே சைகையில் கேட்டார். சூடு குறையாமல் போடக்கூடாது என்றேன். அவ்வளவு கண்டிப்பாக நான் சொன்னதில் அவருக்கே ஆச்சரியம்.

மே 9, செவ்வாய்

பெட்டியை மறுபடி படுக்கப் போட்டோம். அவர் அந்த அலுமினியக் கட்டியைத் தொட்டு, "விபூதி" என்றார்.

நான் பூஜை அலமாரியிலிருந்து விபூதித் தட்டை எடுத்து வந்தேன். வாதம் வந்த பிறகு அவருக்குச் சாமி நினைப்பு அதிகம் என்று நினைத்து, கம்ப்யூட்டர் மேலே மூன்று விரலால் பட்டை போட்டேன். என் நெற்றியிலும் இட்டுக்கொண்டு, நீங்களும் பூசுங்கள் என்று அவர் நெற்றியில் வைத்துவிட்டேன்.

அவர் தட்டைத் தள்ளிவிட்டார். விபூதி தரையெல்லாம் கொட்டிவிட்டது. "இல்ல. இல்ல. விபூதி. விபூதி." முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

நான் எழுந்து போய் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அவர் தரையில் இறங்கி உட்கார்ந்திருந்தார். கொட்டின விபூதியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இடது ஆட்காட்டி விரலால் குழைத்துக்கொண்டிருந்தார். குழைத்ததை என் உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். பிறகு அந்த அலுமினியக் கட்டியைக் காட்டினார். அடியில், என்று கீழே காட்டினார்.

"இதுக்கு அடியில பசை மாதிரி ஏதோ இருக்கு. அது காஞ்சு போச்சு. அதானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "ஆமா" என்றார். "ஆமா. ஆமா." அப்புறம் என் நெற்றியைப் பார்த்து, தன் நெற்றியைத் தொட்டு, பட்டை போட்டுக்கொண்டு நிற்கிற கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். நானும்.

மேடத்துக்கு: விபூதி (பசைக்கு). தப்பு என்று குறிக்கவா, சரி என்று குறிக்கவா?

மே 10, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரரிடம் போய், ஃபேனுக்கு அடியில் விபூதி குழைத்த மாதிரி ஒரு பசை என்றேன். சிரிக்காமல் ஒரு சின்ன ஊசிக்குழாயை எடுத்துக் கொடுத்தார். "சூட்டக் கடத்துற பசை இது. பழசு எல்லாத்தையும் சுத்தமாத் துடைச்சிட்டு, பட்டாணி அளவு நடுவுல வைங்கம்மா. வீட்டுல யாரு பார்க்கா?"

"எங்க வீட்டுக்காரவ" என்றேன்.

மே 12, வெள்ளி

அந்த அலுமினியக் கட்டிக்கு நாலு கால். ஒவ்வொன்றையும் திருகித் தூக்க வேண்டும். மூன்று காலைத் திருகினேன். நாலாவது திருகாமலே கையோடு வந்தது. அவர் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு "ம்" என்று நீளமாகச் சொன்னார். அது அடியில் இருக்கிற பச்சைப் பலகையைப் பிடிக்காமலே நின்றிருக்கிறது. கட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அதனால்தான் எவ்வளவு துடைத்தும் சூடு.

அடியில் பழைய பசை சுண்ணாம்புக் காரை மாதிரி. பஞ்சால் துடைத்து எடுத்துப் புதுசு வைத்தேன். திரும்ப உட்கார வைக்கும்போது மூன்று கால் 'டக்' என்றது. நாலாவது என் கைக்கு அமுங்கவில்லை. பலகை உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அமுக்கினேன்.

"இன்னும்" என்றார்.

"உடைஞ்சிரும்."

"உடையாது. இன்னும்."

அவர் தன் இடது கையை என் கை மேல் வைத்து அமுக்கினார். 'டக்.'

அதற்கப்புறம்தான் உறைத்தது, 'உடையாது' என்று சொன்னார். நான் சொல்லிக் கொடுக்காத சொல், இடத்துக்குச் சரியான சொல். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்.

போட்டோம். காப்பி போட்டுக் குடித்தோம், ஓடிக்கொண்டிருந்தது. துணி மடித்தேன், ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி மேல் கை வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான்.

'ஆட்டம்' ஃபோல்டர் இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாக இருந்தது. எதுவும் போகவில்லை. மீதியை மாற்றி முடித்தேன். சும்மாதான், இடம் காலியாகட்டும் என்று.

மே 14, ஞாயிறு

பயிற்சிப் படங்கள். குடை, சரி. கத்தரிக்கோல், "துணி." ஆடு, சரி. சாவி, "வீடு." விமானம் வந்ததும் என்னைப் பார்த்து "சுபா" என்றார். அதற்கு முழு மார்க் போட்டேன்.

மே 21, ஞாயிறு

பயிற்சி முடிந்து நான் எழுந்தபோது, அவர் இடது கையால் மவுசைப் பிடித்தார். அம்புக்குறி திரையெல்லாம் தடுமாறித் தடுமாறி டி டிரைவுக்குப் போனது. 'ஆட்டம்' திறந்தது. எந்த ஊர், எந்த வருடம் என்று பெயர் போட்டு வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு ஹெட்போனைத் தேடினார்.

"ஹெட்போன் வேண்டாம்" என்றேன். "நானும் கேக்கேன்."

அவர் மவுசை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கர் வயரைக் காட்டினார். மாட்டினேன்.

முதலில் கூட்டத்தின் இரைச்சல், எங்கோ ஒரு ஐஸ் வண்டி மணி. பிறகு அவர் குரல். நாலு மாதமாக என் காதில் இல்லாத குரல். இல்லை, அதற்கு முன்னாலும் நான் இதைக் கேட்டதில்லை.

"பாடி வருகிறார், பாடி வருகிறார், பச்சைச் சட்டை பாடி வருகிறார். யய்யா ராசா, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு பேரு நிக்கான், ஏழு பேரும் உன்னத்தான் பாக்கான், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கான். மூலையில நிக்கவன் காலைத் தேடுதான், காலைத் தேடுதான், காலைக் கொடுத்திராத தம்பி, கொடுத்திராத… கொடுத்திட்டியே தம்பி."

கூட்டம் ஓவென்றது. நான் சிரித்துவிட்டேன். எனக்குக் கபடி தெரியாது. ஆனால் அந்தப் பச்சைச் சட்டை, மூலையில் நின்றவன், அவன் கால், எல்லாம் தெரிந்தது. இந்தப் பேச்சைத்தான் நான் மாடியில் நின்று இரைச்சல் என்று நினைத்திருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் யாருக்கோ அடிபட்டு நிறுத்தியிருக்கிறார்கள். குரல் மட்டும் நிற்கவில்லை. "ஆட்டம்தான் நின்னுருக்கு, நான் நிப்பாட்டல. வீட்டுல எனக்கு மைக்கு கிடையாதுய்யா, அதான் இங்க வந்து பேசித் தீக்கேன்." கூட்டம் சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஓட்டத்தை நிறுத்தினேன்.

"நான் எப்பம் உங்க மைக்கப் பிடுங்குனேன்?"

அவர் முகம் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை முகம் மாதிரி ஆனது.

"ஊருக்கெல்லாம் இவ்வளவு பேசிருக்கிய. எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசிருக்கியளா? நான் என்ன, கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

கேட்டிருக்கக் கூடாது. பேச முடியாதவரிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டுவிட்டேன்.

அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. இடது கையை அகலமாக வீசிக் காட்டினார்.

"ஆளு. நிறைய… ஆளு. சரி."

"நிறைய ஆளு இருந்தா பேச வருது."

"ம்." பிறகு ஒற்றை விரலை என் பக்கம் நீட்டினார். "ஒண்ணு. ஒண்ணு மட்டும்…" வாய் எதையோ தேடியது. நான் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. மேடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், காத்திருக்க வேண்டும். வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். காத்திருந்தேன்.

"பயம்" என்றார்.

அதுதான் அவர் தேடிய சொல்லா, அதற்குப் பக்கத்துச் சொல்லா எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருடம் அவர் முதுகைப் பார்த்து நான் வேறு என்னென்னவோ நினைத்திருந்தேன். சரி, தப்பு எதுவும் குறிக்கவில்லை.

மே 22, திங்கள்

சுபா கேட்டாள், "அந்த ஃபோல்டர அழிச்சிட்டியா?"

"இல்ல. தினமும் ஒண்ணு கேக்கோம்."

எந்தெந்த ஊர் ஆட்டமெல்லாம் இருக்கிறது என்று கேட்டாள். பிறகு, "அந்த வேப்பங்குளம் ஆட்டம் இருக்காம்மா? சின்னப் பிள்ளைல அப்பா என்னையக் கூட்டிட்டுப் போனாவ. எனக்கு அனுப்பேன்" என்றாள்.

ஜூன் 10, சனி

பால்துரை அண்ணாச்சி போன வாரம் கபடி ஆட்டத்து நோட்டீஸ் கொண்டு வந்தபோது இவர் உள்ளே போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். நோட்டீஸை வாங்கி என்னிடம் கொடுத்து, "போவமா?" என்றார். என்னிடம்தான் கேட்டார்.

இன்று சாயங்காலம் போனோம். பள்ளிக்கூட மைதானம். நான் கபடி ஆட்டத்துக்குப் போவது இதுதான் முதல் தடவை. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஓரமாக இருந்தார்கள், கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் காலை இழுத்து நடந்து வருவதைப் பார்த்ததும் ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். "வேல்மயில் அண்ணாச்சி வந்துட்டாவ" என்று பின்னால் பரவிக்கொண்டே போனது. அவர் என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது. விழா மேடையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவர் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

புது வர்ணனைக்காரப் பையன் அவரைப் பார்த்துவிட்டு மைக்கில் நாலு சொல் குழறினான். 

சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பாடி வந்தான். அவர் என் காதுப் பக்கம் சாய்ந்தார்.

"இவன்… காலு…"

சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் அவன் மேல் விழுந்துவிட்டார்கள். விசில் ஊதினார்கள். அடுத்த ஆள் பாடி வந்துவிட்டான். மைதானமே எழுந்து நின்று கத்தியது. அவர் முதலாமவனை விடவில்லை. நானும் மைதானத்தைப் பார்க்கவில்லை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலு… முன்ன… வைக்கான். தப்பு."

"அப்பம் வேற எப்படி வைக்கணும்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் இரண்டு நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள்.